கலிங்கும் கண்ணாடித் தொட்டியும்

ஓடுகிற தண்ணீர் ஏன் சத்தம் போடுகிறது? கேட்பதற்குச் சின்னப் பிள்ளையின் கேள்விபோல இருக்கும். ஆனால் இதற்குக் கணக்கோடு விடை கிடைத்தது 1933ல்தான். மார்செல் மின்னேர்ட் என்ற பெல்ஜிய நாட்டவர், ஹாலந்தில் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். தண்ணீர் தானாகப் பேசுவதில்லை, அதற்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள்தான் சுருங்கி விரிந்து ஒலி எழுப்புகின்றன என்று அதில் காட்டினார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,300 முறை அதிரும். 3 மில்லிமீட்டர் என்றால் 1,100 முறை. குமிழி பெரிதாகப் பெரிதாகக் குரல் கட்டையாகும். ஓடையின் சலசலப்பும், குடத்தில் நீர் ஊற்றும்போது வரும் களகளப்பும், கழிவுக்குழாயின் கொடகொடப்பும் காற்றின் குரல்கள்தான்.

காற்று போகாமல் தண்ணீர் மட்டும் போனால் சத்தம் இராது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் சென்ற ஆண்டு சில மாதங்கள் நான் அலைந்தேன். என்னை அலைய வைத்தது எங்கள் வீட்டு மீன்தொட்டி.

எங்கள் வீடு புதுச்சேரியில் ஒரு தாழ்வான பகுதியில் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. முதலில் குளியலறைச் சாக்கடைத் துவாரத்தில் 'களுக் களுக்' என்று ஒரு சத்தம். பிறகு அதன் வழியாகவே தண்ணீர் மேலே ஏறியது. முழங்கால் அளவு வந்த பிறகு நானும் என் மனைவியும் மாடிக்கு ஏறினோம். இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் அவள் காதை விட்டு வடியவில்லை. அதன் பிறகு இரவில் எங்கே தண்ணீர் களுக்கென்றாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "ஏங்க, தண்ணி வருது" என்பாள். நான் விளக்கைப் போட்டுத் தரையைக் காட்டுவேன். படுத்துக்கொள்வாள், தூங்கமாட்டாள்.

அடுத்த சில மாதங்களில் அவளுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாடி ஏற முடியாது என்று கட்டிலைக் கூடத்தில் போட்டோம். கூடத்தில்தான் அந்த மீன்தொட்டி இருந்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஆறு தங்கமீன்கள். மகன் பிரான்சுக்குப் போகும் முன் ஆசையாக வாங்கி வைத்தது. ஒரு கடைக்காரர் வந்து பொருத்திக் கொடுத்தார். தொட்டியின் மூலையில் ஒரு தடுப்பு. அதன் விளிம்பைத் தாண்டி வழியும் நீர் ஒரே ஒரு குழாய் வழியாகக் கீழே பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். மீனுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஒற்றைக் குழாய் இரவெல்லாம் 'கொடக், களுக், ஸ்ஸ்ர்ர்' என்று பேசிக்கொண்டே இருந்தது. பகலில் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்குத் தெரு அடங்கிய பிறகு, புயல் மறுபடி வந்துவிட்டது போலவே இருக்கும்.

மோட்டாரை நிறுத்தினால் சத்தம் நிற்கும். ஆனால் தங்கமீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கிற ஜாதி. இரவெல்லாம் சுழற்சி இல்லாவிட்டால் காற்றில்லாமல் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். "அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? புள்ளை வெச்சிட்டுப் போனது" என்றாள். ஆகவே மீனும் இருக்க வேண்டும், சுழற்சியும் இருக்க வேண்டும், சத்தம் மட்டும் போக வேண்டும். முக்கியமாக, சத்தத்தை அடக்கப் போய் வீட்டுக்குள் ஒரு துளித் தண்ணீரும் வழிந்துவிடக் கூடாது. ஒருமுறை வெள்ளம் பார்த்த வீடு அது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

குழாயை நீரால் நிரப்பிக் காற்றைத் துரத்துகிற வித்தை மிகப் பழையது. அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோன், காற்றையும் நீரையும் கொண்டு செய்யும் கருவிகளைப் பற்றி எழுதிய நூலைச் சைஃபனிலிருந்துதான் தொடங்குகிறார். வளைந்த குழாய் சைஃபன், குழாய்க்கு மேல் குழாயைக் கவிழ்த்த சைஃபன் இரண்டையும் விளக்குகிறார். கிரேக்கர்கள் இதை வைத்து ஒரு வேடிக்கைக் கிண்ணம் செய்தார்கள். ஓர் அளவு வரைக்கும் ஊற்றினால் நிற்கும், பேராசைப்பட்டு அதற்கு மேல் ஊற்றினால் அத்தனையும் அடியில் ஒழுகிவிடும். பிதாகரஸின் பெயரால் வழங்கும் கிண்ணம் அது.

நம்மிடமும் அது உண்டு. வசுதேவர் குழந்தைக் கண்ணனைத் தலைமேல் ஏந்தி யமுனையில் நிற்பார். கிண்ணத்தில் நீர் ஊற்றிக்கொண்டே போனால், கண்ணன் பாதத்தைத் தொட்டதும் யமுனை வற்றிவிடும். உள்ளே ஒளிந்திருப்பது வளைந்த குழாய்தான். நீர் அந்த வளைவின் உச்சியைத் தாண்டியதும் குழாய் நிறைகிறது, நிறைந்ததும் இழுக்கிறது. கிண்ணம் காலியாகும் கடைசி நொடியில் மட்டும் 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? காற்று உள்ளே புகும் சத்தம் அது. எங்கள் தொட்டியின் சத்தமும் அதுவேதான். வசுதேவர் கிண்ணத்தில் ஒரு தடவை வருவது எங்கள் வீட்டில் நிமிடத்துக்குப் பத்து தடவை வந்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஒன்றோடொன்று இணைத்த பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாக நிற்கும் விதியைப் பிரெஞ்சில் 'வாஸ் கொம்முனிக்கான்' என்பார்கள். 'பேசிக்கொள்ளும் பாத்திரங்கள்' என்று பொருள் சொல்லலாம். எங்கள் இயற்பியல் வகுப்பில் பாஸ்கல் ஒரு பாதித் தெய்வம். அவருக்கு முன்னால், குழாயில் நீர் ஏன் மேலே ஏறுகிறது என்றால், இயற்கைக்கு வெற்றிடம் என்றால் ஆகாது, அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இத்தாலியில் டாரிசெல்லி அதைச் சந்தேகித்துப் பாதரசக் குழாய் செய்தார். பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியேரிடம் சொல்லி, 1648 செப்டம்பர் 19 அன்று புய் த தோம் மலைமேல் அந்தக் குழாயை எடுத்துப் போகச் செய்தார். அடிவாரத்தில் நின்ற பாதரசம் உச்சியில் சுமார் 3 அங்குலம் இறங்கியிருந்தது. மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறைகிறது, பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் அழுத்தமே என்பது அன்றைக்கு ஊர்ஜிதமானது. சைஃபனில் நீர் வளைவேறுவதும் அந்த அழுத்தத்தால்தான்.

இதில் ஒரு சொல் விநோதம். பிரெஞ்சில் வீட்டுக் கைகழுவும் தொட்டியின் அடியில் உள்ள வளைவுக்கும் 'சிஃபோன்' என்றே பெயர். சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் நீரைத் தேக்கி வைக்கும் எஸ் வளைவு அது. 1775ல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கழிப்பறைக்கு அதை வைத்துக் காப்புரிமை வாங்கினார். பிறகு மாடி மேல் மாடி வைத்து வீடு கட்டத் தொடங்கியதும் ஒரு சங்கடம் வந்தது. மேல் மாடியில் யாராவது வாளித் தண்ணீரைக் கொட்டினால் குழாய் நிறைந்து இறங்கும். போகிற போக்கில் கீழ் வீட்டு வளைவில் இருந்த நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நாற்றம் வீட்டுக்குள் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்குக் கண்ட பரிகாரம்தான் மொட்டைமாடியில் தொப்பி போட்டு நிற்கும் காற்றுக்குழாய். குழாய்க்குள் காற்றை விட்டுவிட்டால் இழுப்பு இராது.

ஆக, வீட்டுக் கழிவுக்குழாய் நிறையக் கூடாது, அதற்குக் காற்று வேண்டும். அதனால் அது சத்தம் போடும், போட்டுவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடம்தானே. மீன்தொட்டிக் குழாய் அப்படியல்ல. இரவும் பகலும் ஓடுவது, படுக்கைக்குப் பக்கத்தில் ஓடுவது. வீட்டுக் குழாய் வேலை தெரிந்தவர் மீன்தொட்டிக்கும் அதே முறையில் குழாய் போட்டால் சத்தம் வராமல் எப்படி இருக்கும்?

மீன்தொட்டியின் வரலாறும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடம்தான் தொடங்குகிறது. ழான் வில்ப்ரே 1794ல் ஜுயாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம்பெண்ணாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாரிஸ் போய்த் தையல் வேலையில் சேர்ந்தார். 1816ல் பெரி கோமகனை மணந்த இளவரசி கரோலினின் திருமண உடைக்கு வேலைப்பாடு செய்து பெயர் பெற்றார். பவர் என்ற வணிகரை மணந்து சிசிலித் தீவுக்குப் போனவர், அங்கே கடலுயிர்களைப் படிக்கத் தொடங்கினார். ஆர்கனாட் என்ற ஆக்டோபஸ் வகை உயிரி தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறொன்றிடமிருந்து திருடுகிறதா என்பது அந்தக் காலத்துப் பெரிய வழக்கு. உயிரோடு வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? 1832ல் கண்ணாடித் தொட்டி செய்தார். ஓட்டை உடைத்து வைத்து, அது தானே பழுது பார்ப்பதைக் கண்ணால் கண்டு வழக்கை முடித்தார். 1838ல் அவருடைய சேகரிப்புகளை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கிப்போனது. ஆனாலும் அவர் செய்த தொட்டி உலகத்துக்கு நின்றது.

1850ல் இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர், தொட்டியில் செடி, மீன், நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தால் நீரை மாற்றாமலே பிழைக்கும் என்று காட்டினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அந்தத் தொட்டிகளில் நீர் நின்றபடி இருக்கும். குழாய் கிடையாது, ஆகவே சத்தமும் கிடையாது.

நீரை ஓட வைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த காட்சிசாலையில், மக்கள் பார்க்கும் தொட்டிகளுக்குக் கீழே அவற்றைவிடப் பெரிய நீர்த்தேக்கம் இருட்டில் இருந்தது. பம்புகள் அந்தக் கடல்நீரை இரவும் பகலும் மேலே ஏற்றும், அது தொட்டி தொட்டியாக வழிந்து மறுபடி கீழே வரும். நேப்பிள்ஸ் நகரில் 1874ல் திறந்த புகழ்பெற்ற காட்சிசாலையின் நீரோட்டத்துக்கும் அவரே ஆலோசகர். மேலே கண்ணாடித் தொட்டி, கீழே மறைந்திருக்கும் தேக்கம் என்று இன்றைக்கு நம் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பது அவருடைய திட்டத்தின் குட்டிப் பதிப்புதான். மீன் வளர்ப்பவர்கள் கீழ்த்தொட்டியைச் 'சம்ப்' என்கிறார்கள். நம்மூரில் சம்ப் என்றால் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அர்த்தம் ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு வீட்டுக் கூடத்துக்குள் பரவலாக வந்தது 1986க்குப் பிறகு. ஹாலந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அந்த ஆண்டு ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், பவளத்தையும் வீட்டில் வளர்க்கும் முறையைத் தொடராக எழுதினார். மூலையில் வழிந்தோடித் தடுப்பு, கீழே சொட்டு வடிகட்டி. ஊரெல்லாம் செய்து பார்த்தார்கள். அப்போதுதான் ஊரெல்லாம் தூக்கமும் கெட்டது.

பரிகாரம் மூன்று படிகளில் வந்தது. மூன்றையும் மீன் வளர்ப்பவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள், பொறியாளர் எவரும் சொல்லித் தரவில்லை. முதலாவது, துர்சோ என்ற அமெரிக்க ஆர்வலரின் பெயரால் வழங்கும் நிலைக்குழாய். குழாயின் தலையில் ஒரு டீ, அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் எல்போ, மேல்மூடியில் ஊசித் துளை. நீரைப் பரப்பிலிருந்து எடுக்காமல் கொஞ்சம் கீழிருந்து எடுப்பதால் சுழல் விழுவது குறையும். சத்தம் பாதியாகும். குழாய்க்குள் காற்று அப்போதும் இருக்கும்.

இரண்டாவது, 'ஹெர்பி' என்ற புனைபெயரில் ஒருவர் சொன்ன முறை. இரண்டு குழாய். ஒன்று முழுக்க நீரால் நிறைந்து, காற்றே இல்லாமல் இறங்கும். மற்றது மட்டத்துக்குச் சற்று மேலே வாய் வைத்து வறண்டபடி காத்திருக்கும். மூன்றாவது, 'பீன் அனிமல்' என்ற புனைபெயர்க்காரர் சொன்னது. நிறைந்த குழாய் ஒன்று, மிச்சத்தைக் கசியவிடும் திறந்த குழாய் ஒன்று, வறண்ட அவசரக் குழாய் ஒன்று என்று மூன்று. இதே தத்துவத்தில் 1960களிலேயே பின்லாந்தில் பெரிய கட்டடங்களின் கூரை மழைநீரை இறக்க வழி கண்டிருந்தார்கள். காற்றில்லாமல் நிறைந்து ஓடும் சிறிய குழாய், அரைகுறையாக ஓடும் பெரிய குழாயைவிட அதிக நீரை இறக்கும்.

ஏன் என்று எங்கள் தொட்டியின் கணக்கிலேயே சொல்கிறேன். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் சம்ப் மட்டத்துக்கும் 75 செ.மீ. இறக்கம். டாரிசெல்லியின் விதிப்படி நீர் நொடிக்கு 3.8 மீட்டர் வேகம் பெறும். உராய்விலும் வளைவுகளிலும் பாதி போய்விட்டது என்றே வையுங்கள். அப்போதும் முக்கால் அங்குலக் குழாய் நிறைந்து ஓடினால் மணிக்குச் சுமார் 1,900 லிட்டர், ஓர் அங்குலக் குழாய் என்றால் சுமார் 3,300 லிட்டர் இறக்கும். எங்கள் மோட்டார் உண்மையில் ஏற்றுவது எவ்வளவு? 10 லிட்டர் வாளி 30 நொடியில் நிறைந்தது, அதாவது மணிக்கு 1,200. வருவது 1,200, போகத் துடிப்பது 3,300. குழாய் வந்ததை எல்லாம் விழுங்கிவிட்டுக் காற்றையும் விழுங்குகிறது. பிறகு திணறுகிறது, மறுபடி விழுங்குகிறது. சத்தத்தின் ரகசியம் இவ்வளவுதான். ஒரு வால்வு வைத்துப் போக்கை வரத்துக்குச் சமமாக நெரித்துவிட்டால் குழாய் எப்போதும் நிறைந்தே இருக்கும். காற்றுக்கு வழியில்லை.

வளைந்து ஏறி இறங்கும் உண்மையான சைஃபன் இது அல்ல, நேரே இறங்கும் குழாய்தான். ஆனால் நிறைந்த குழாயின் இழுப்பு ஒன்றே என்பதால் அப்படியே பெயர் நின்றுவிட்டது.

அமைதி இப்படிக் கிடைத்துவிடும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நெரித்த குழாயில் ஒரு நத்தையோ இலையோ சிக்கினால் போக்கு குறையும், வரத்து குறையாது. மிச்ச நீர் கூடத்துக்குத்தான் வரும். அமைதியான குழாய் என்றாலே, தாங்கும் எல்லையை ஒட்டி ஓடுகிற குழாய். ஆகவே அதன் பக்கத்தில், ஒன்றும் செய்யாமல் ஒரு குழாய் காலியாக நிற்கத்தான் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஏரிகள்தாம் நினைவுக்கு வந்தன. நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய கட்டுகள் என் மேசைக்கு வரும். பிரெஞ்சுக் காலத்தில் ஏரிகளைப் பராமரிக்க 'சிந்திக்கா அக்ரிக்கோல்' என்ற விவசாயிகள் சங்கங்கள் இருந்தன. ஊசுடு, பாகூர் போன்ற ஏரிகளில் நீர் வெளியேற இரண்டு வழி. ஒன்று மதகு. வயலுக்கு வேண்டிய அளவு திறந்து மூடுவது. மற்றது கலிங்கு. ஏரி நிறைந்தால் தானாக வழிவது, கதவு இல்லாதது. ஆண்டில் பெரும்பாலான நாள் கலிங்கு காய்ந்து கிடக்கும், ஆடு படுத்திருக்கும். அதைப் பார்த்து வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கரையைக் காப்பாற்றுவது அதுதான்.

நம் முன்னோர் குமிழியையும் அறிந்தவர்கள். பல்லவர், சோழர் காலத்து ஏரிகளில் கரையைத் தள்ளி உள்ளே நிற்கும் தூம்புக்குக் 'குமிழித் தூம்பு' என்றே பெயர். மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. மேல் துளையைத் திறந்தால் நீர் குமிழியிட்டு உள்ளே இறங்கும். ஏரி நடுவில் அது எவ்வளவு சத்தம் போட்டாலும் யார் தூக்கமும் கெடாது.

கட்டுகளில் நான் அடிக்கடி பார்த்த தகராறு கலிங்கைப் பற்றியது. கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை முடியும் பருவத்தில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் அடைத்து இன்னும் ஓர் அடி நீர் பிடிப்பது வழக்கம். மழை ஓயும் முன்பே சிலர் அடைத்துவிடுவார்கள். அல்லது அடைத்ததை எடுக்க மறந்துவிடுவார்கள். ஓரடி நீருக்கு ஆசைப்பட்டு ஏரியே உடையும் நிலை வரும். மனுக்களின் மொழி பிரெஞ்சு, கோபம் சுத்தத் தமிழ்.

வேலைக்கு வந்த பிளம்பர் தம்பி பாகூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் தடுப்புக்குள் ஏற்கெனவே இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஓர் அங்குல ஓட்டை நீர் இறங்க, முக்கால் அங்குல ஓட்டை மோட்டார் நீர் ஏற. கண்ணாடியைப் புதிதாகத் துளைக்கத் தேவையில்லை. ஏறும் குழாயைத் தொட்டியின் மேல்விளிம்பு வழியாகக் கொண்டுபோனோம். காலியான முக்கால் அங்குல டேங்க் நிப்பிளில் நிறைந்து ஓடும் குழாய். ஓர் அங்குல ஓட்டையில் அவசரக் குழாய். சிறியது நிறைந்து ஓடும், பெரியது காத்திருக்கும். காற்றோடு கலந்து இறங்கும் குழாய்க்கு அகலம் வேண்டும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

சிறிய குழாய்க்குக் கேட் வால்வு வைத்தோம். பால் வால்வு மலிவுதான், ஆனால் கால் சுற்றில் மூடிவிடும், நுணுக்கமாக நிறுத்த முடியாது. எல்லாம் ஒட்டி முடிந்ததும் தம்பி இன்னொரு வால்வைக் கையில் எடுத்தார்.

"ஐயா, இந்தப் பெரிய பைப்புக்கும் ஒண்ணு போட்டுடலாமா? வேணும்னா மூடிக்கலாம்."

"உங்க ஊர் கலிங்குக்குக் கதவு இருக்காப்பா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "கலிங்குக்குக் கதவு வெச்சா கரை நிக்காதே ஐயா" என்றார். வால்வைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நிறைந்து ஓடும் குழாயின் கீழ்முனை சம்ப் நீருக்குள் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கினால் போதும். ஆழமாக மூழ்கினால், மின்சாரம் போய் வரும்போது குழாயில் நிற்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் தானாகத் தொடங்காது. அவசரக் குழாயின் மேல்வாய், வழக்கமான மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். அதன் கீழ்முனை நீரில் மூழ்காமல் மேலேயே நிற்கட்டும். அதில் நீர் விழுந்தால் 'சோ' என்று கொட்ட வேண்டும். அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை மணி.

மோட்டார் நின்றால் தொட்டியின் மட்டம் தடுப்பின் விளிம்பு வரை இறங்கும். எங்கள் தொட்டியில் 2 செ.மீ., அதாவது சுமார் 11 லிட்டர். ஏற்றும் குழாயின் வாய் நீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், அது தலைகீழாகச் சைஃபனாகி 28 லிட்டர் வரை கீழே இறக்கிவிடும். நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து அறுத்துவிடும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் அந்த 28 லிட்டரையும் வாங்கிக்கொள்ளும் காலியிடம் சம்ப்பில் எப்போதும் இருக்க வேண்டும். வால்வை நம்பலாம், அதைவிடக் காலியிடத்தை நம்பலாம்.

வால்வைச் சரியான இடத்தில் நிறுத்த எனக்கு மூன்று நாள் பிடித்தது. கால் சுற்று மூடி, ஒரு மணி நேரம் காத்திருந்து மட்டத்தைப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை திறந்து. மூன்றாம் நாள் மாலை களுக்கென்ற சத்தம் ஓய்ந்தது. இரவு பதினோரு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, மோட்டார் நின்னுபோச்சா? மீனுக்கு ஒண்ணும் ஆயிடப்போவுது." ஓடுகிறது என்று குழாயைத் தொட்டுக் காட்டினேன். அவளும் கை வைத்துப் பார்த்தாள். நடுங்கும் குழாயின் குளிர்ச்சி கையில் தெரிந்தது, காதில் எதுவும் கேட்கவில்லை. அன்று அவள் விடியும் வரை தூங்கினாள்.

மாதம் ஒருநாள், முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த வால்வை முழுதும் மூடிப் பார்க்கிறேன். மட்டம் ஓர் அங்குலம் ஏறும். அவசரக் குழாய் அத்தனை நீரையும் வாங்கிக்கொண்டு 'சோ'வென்று கொட்டும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பழையபடி திறப்பேன். முதல் தடவை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்தேன். இந்தச் சத்தம் கேட்டால் மட்டும் என்னை எழுப்பு, வேறு எதற்கும் எழ வேண்டாம் என்றேன். இதுவரை அவள் எழுப்பவில்லை.